மணியக்காரரும் குடிமராமத்தும்

இருந்த இடத்திலேயே இருந்து மாநிலம் மாறிய தமிழர் உண்டு. மாதேசுவரன் மலையை அடுத்த மார்டள்ளி மக்கள் அத்தகையோர். அவ்வூர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா, முன்பு சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அப்பகுதி 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. கோவைப் பக்கத்தில் மணியக்காரர் எனப்பட்ட ஊர்த்தலைவரை மைசூர்ச் சீமையில் படேல் என்றனர். கர்ணத்தைச் சானுபோகர் என்றனர். பெயர்கள் வேறு, பணி ஏறத்தாழ ஒன்றே. வறுமையை நீக்குவதில் இத்தலைவர்கள் பெற்ற இடம் யாது? அதனைச் சிறிது நோக்குவோம்.

மழையை நம்பி வாழும் நாட்டில் பஞ்சத்துக்கு முதற்காப்பு ஏரியே. கரையை உயர்த்தவும் கால்வாயைத் தூர்வாரவும் ஊரார் கூடி உழைத்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஊர்த்தலைவர் சொல்லே அதற்கு அழைப்பு. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் இவ்வழக்கத்துக்கு அரசின் வலிமையைச் சேர்த்தது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்தில் தவறியவர், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என விதித்தது.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஏரி நிறைந்தால் யாருக்கு நெல்? நிலமுடையார் பலர் தாம் வாராது பண்ணையாட்களை அனுப்பினர். மண் சுமந்தவனுக்கோ அந்த நீரில் பாய்ச்ச ஒரு குழி நிலமும் இல்லை. ஊரைக் கூட்டும் ஆற்றல் தலைவரிடம் இருந்தது உண்மை. பயனைப் பகிரும் நீதி அதனுடன் தானே வந்துவிடவில்லை.

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கிராம சேவகர் ஊருக்குள் வந்தபோது, முதலில் நாடியது பெரும்பாலும் பெரிய வீட்டுத் திண்ணையைத்தான். மக்களின் ஊக்கத்தை எழுப்புவதில் திட்டம் போதிய வெற்றி பெறவில்லை என்று 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு கண்டது. தேர்தலால் அமைந்த ஊராட்சிகளிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறும் அது பரிந்துரைத்தது.

பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழிக்க மைசூர் மாநிலம் 1961இல் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 1980இல் மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தால், மகளிருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் ஊராட்சியில் உரிய இடங்கள் ஒதுக்கப்பட்டன. மண் சுமந்தவர் குடும்பத்தாரும் தலைவர் நாற்காலியில் அமர வழி பிறந்தது.

இதனால் பெரியவர்கள் வேண்டாதவர் ஆகிவிட்டனரா? இல்லை. பகையான இரு தெருக்களை ஒரு பந்தலின்கீழ் அமர்த்த, இன்றும் பெரியவர் ஒருவரின் சொல் பயன்படுகின்றது. வெளிமாநிலங்களில் சங்கம் வைத்து வாழும் நாமும் இதனை அறிவோம். ஊரை அழைப்பது பெரியவர் கடமையாக இருக்கட்டும். பங்கிடுவதும் கணக்குக் கேட்பதும் சபையின் உரிமையாக இருத்தல் வேண்டும். குடிமராமத்தின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.