பழைய கணினியில் 'கோடி': குடும்பக் காணொளிகளுக்கு ஒரு வீடு

மோர்டென்ஸ்ருட்டில் வாழும் நம்மவர் வீடுகளிலும், ஊர்க் கலியாணமும் அம்மம்மாவின் குரலும் பதிந்த காணொளிகள் ஏதோவொரு பழைய கணினிக்குள் உறங்குகின்றன. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதற்காக அந்தக் கணினியை எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட், கோடி ஆகிய இரண்டும் இலவசம்.

முதலில் காணொளிகளை வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுங்கள். வட்டை முழுமையாக அழித்து லினக்ஸ் நிறுவினால் உள்ளே இருப்பவை போய்விடும்.

லினக்ஸ் மின்டின் மென்பொருள் மேலாளரில் 'கோடி' என்று தேடி நிறுவுங்கள். 2014 வரை எக்ஸ்பிஎம்சி என அழைக்கப்பட்டது இதுதான். கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியுடன் இணையுங்கள். கோடியின் வீடியோப் பகுதியில் உங்கள் கோப்புறையைச் சேருங்கள். அதில் என்ன வகை உள்ளது என்று கேட்கும்போது 'எதுவுமில்லை' எனத் தெரிவுசெய்யுங்கள். திரைப்படம் என்று கொடுத்தால், உங்கள் வீட்டுக் கலியாணத்தை இணையத் திரைப்படப் பட்டியலில் தேடும்.

கோடி படங்கள் எதையும் தருவதில்லை. உங்களிடம் இருப்பதையே காட்டும். 'எல்லாப் படமும் இலவசம்' என்று விற்கப்படும் பெட்டிகளிலிருந்து விலகியிருங்கள்.

கோப்புகளுக்கு ஆண்டு, ஊர், நிகழ்வு என்று பெயரிடுங்கள். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.