கொங்கு நாட்டு வாக்காளரும் ஆட்சிப் பொறுப்பும்

1986-இல் பெர்டினாண்டு மார்க்கோஸை நாட்டைவிட்டே வெளியேற்றிய பிலிப்பைன்ஸ் மக்கள் 2022-இல் அவருடைய மகனையே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தபோது, நல்லாட்சிக்கும் கெட்ட ஆட்சிக்கும் வாக்காளரே பொறுப்பாளி என்னும் பழைய வாதம் மீண்டும் உரத்து ஒலித்தது. அவ்வாதத்தைக் கொங்கு நாட்டின் தேர்தல் சரித்திரத்தில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தரமேரூர்ச் சாசனங்களைக் காட்டி நம் குடியாட்சி மரபின் தொன்மையைப் பேசுவது மேடை வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் வாரியத்திலிருந்து விலக்கிய கண்டிப்பு போற்றத்தக்கதே. ஆயினும் அது நிலமுடைய அந்தணர் சபையின் ஏற்பாடு. தகுதியுடையாருள் ஒருவரைத் தெரிந்ததும் குடத்திலிட்ட ஓலையே. 1920-இல் மாகாணச் சட்டசபைத் தேர்தல் நடந்தபோதும், சென்னை மாகாணத்தின் சுமார் 4 கோடி ஜனங்களுள் சொத்தும் வரியும் உடைய ஏறத்தாழ 12.5 லட்சம் பேருக்கே வாக்கு இருந்தது. அவர்களிலும் கால்வாசிப் பேரே வாக்களித்தனர். கிணத்துக்கடவுக் காட்டில் கூலிக்கு ஏர் பிடித்தவனை அக்காலச் சர்க்காரின் பிழைகளுக்குப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத் தேர்தலிலோ ஒரு விசித்திரம் நேர்ந்தது. கோயமுத்தூர் லோக்சபைத் தொகுதிக்கு டி. ஏ. ராமலிங்கம் செட்டியார் போட்டியின்றியே தேர்வானார். கூட்டுறவு இயக்கத்தில் உழைத்த பெரியவர்தாம். எனினும், புதிதாக உரிமை பெற்ற வாக்காளர்க்கு அதனை அத்தொகுதியில் பிரயோகிக்கவே வாய்ப்பில்லாது போயிற்று.

அவ்வுரிமையை மிக வினோதமாகப் பிரயோகித்தவர்கள் 1996-இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியின் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளைச் செவிமடுப்பார் இல்லையென்பதை உணர்த்த, ரூ. 250 டெபாசிட் கட்டி அவர்கள் கூட்டங்கூட்டமாக மனுச் செய்ததால் அபேட்சகர் எண்ணிக்கை 1,033 ஆயிற்று; வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாக வேண்டியிருந்தமையால் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு வாக்குமில்லை, அதாவது தாமும் தமக்கு வாக்களிக்கவில்லை! அவ்வாண்டே சட்டத்தைத் திருத்திச் சட்டசபைக்கான டெபாசிட்டை ரூ. 5,000 ஆக்கினார்கள். இதனைக் கேலிக்கூத்தென்று நகைத்தவர் பலர். ஐந்தாண்டுக்கொருமுறை முத்திரை குத்துவதோடு பிரஜையின் வேலை முடிந்ததென்று நம்ப மறுத்தவர்களின் செயலாகவே நான் அதனைக் கருதுகிறேன். மனு கொடுத்தும் கேளாத அரசாங்கம் அச்சகத்திற்கு ஓடவேண்டி வந்ததல்லவா?

இருபதாண்டுகளுக்குப் பின், 2016 மே மாதம், அரவக்குறிச்சியில் பண விநியோகத்தின் பொருட்டுத் தேர்தலையே தேர்தல் கமிஷன் ரத்து செய்தது. நவம்பர் 19-இல் மறுபடி தேர்தல் நடந்தபோது இரு பெருங்கட்சிகளும் முன்னவர்களையே நிறுத்தின. பழியை வாக்காளர் தலையில் மட்டும் சுமத்துவோர் இதனையும் நோக்குதல் வேண்டும்: வாங்கிய கை குற்றமுடையதுதான், ஆனால் வேறு தெரிவை வைக்காத கட்சிகளின் குற்றம் அதனினும் பெரிது.

என்றாலும் வாக்கு அற்பமன்று. கிணத்துக்கடவுத் தொகுதியில் 2016, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் வெற்றி வித்தியாசம் 1,500 வாக்குகளைக்கூட எட்டவில்லை. ஓரிரு ஊர்கள் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கி மின்சாரம் விற்கத் தொடங்கியதும் ஊரார் நம்பித் தேர்ந்த நிர்வாகத்தினாலேயே.

எனவே வாக்காளர் ஆட்சியின் முழுப் பொறுப்பாளியுமல்லர், நிரபராதியுமல்லர். பொறுப்பின் பெரும்பங்கு வாக்குச்சாவடிக்கு வெளியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு.