பெயரைக் காத்த பெயர்

1984ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்கப் படமாளிகைகளில் 'ஸ்பிளாஷ்' என்னும் படம் வெளியாயிற்று. நியூயார்க் நகரத்து இளைஞன் ஒருவனை நாடிக் கடற்கன்னி ஒருத்தி பெண்ணுருவில் கரையேறி வரும் காதற்கதை அது. இயக்கியவர் ரான் ஹோவர்டு. நடித்த டாம் ஹேங்க்சும் டேரில் ஹன்னாவும் அந்நாளில் பெரும்புகழ் எய்தியிராதவர்கள். படத்தின் முகப்பில் தோன்றிய தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் புதியது. அதற்குமுன் எந்தப் படத்திலும் காணப்படாத அந்தப் பெயர் 'டச்ஸ்டோன் பிலிம்ஸ்'. 'டச்ஸ்டோன்' என்பதை நாம் உரைகல் எனலாம். பொற்கொல்லர் பொன்னை உரசி மாற்றுக் காணும் கருங்கல் அது.

இந்த உரைகல்லுக்கு உரியவர்கள் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார். முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. இல்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் புதுப்பெயர் படைக்கப்பட்டது. புகழ் பெற்ற வணிகர் தம் பெயரைப் பண்டத்தின்மீது பொறிக்க விரும்புவது இயல்பு. உலகப் புகழ் பெற்ற ஒரு நிறுவனம், தானே பணம் போட்டு எடுத்த படத்தின்மீது தன் பெயர் தெரியாதிருக்கட்டும் என்று கருதியது ஏன்? இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

டிஸ்னி என்னும் பெயர் எத்தகையது என்பதை முதலில் காண்போம். 1923ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னியும் அவர் தமையனார் ராயும் தொடங்கிய சிறு படநிலையம், 1928இல் மிக்கி எலியையும் 1937இல் முழுநீள ஓவியப் படமான 'ஸ்னோ ஒயிட்'டையும் தந்து உயர்ந்தது. வால்ட் 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார். அதற்குள் அப்பெயர் ஒரு மனிதரின் பெயர் என்னும் நிலையைக் கடந்து, பெற்றோருக்கு அளிக்கப்பட்ட ஓர் உறுதிமொழியாகவே ஆகிவிட்டது. 'டிஸ்னி' என்று எழுதியிருந்தால் தாய்மார்கள் படத்தின் கதையைக் கேட்டறிய வேண்டியதில்லை. பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

வேலி பயிரைக் காப்பது போலவே பயிர் படராமல் தடுக்கவும் செய்யும். 1968ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் திரையுலகம் படங்களுக்குத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. யாவரும் காணத்தக்கது 'ஜி'. பெற்றோர் வழிகாட்டுதலுடன் காணத்தக்கது இன்று 'பி.ஜி.' எனப்படுகிறது. 17 வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றிக் காணலாகாதது 'ஆர்'. டிஸ்னி நிறுவனம் 'ஜி' என்னும் எழுத்துக்குள்ளேயே வாழ்ந்தது. ஆனால் 'ஸ்டார் வார்ஸ்' கண்ட தலைமுறை, 'ஜி' என்றால் குழந்தைகளுக்கானது, டிஸ்னி என்றால் தம்பி தங்கையருக்கானது என்று ஒதுக்கத் தொடங்கியது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் தோழர்கள் பார்க்க டிஸ்னி படத்துக்கு வரிசையில் நிற்பதை மானக்கேடாகக் கருதினான். ஆசிரியர்களாக இருப்போருக்கு அந்த வயதின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

நிறுவனம் முயலாமல் இல்லை. 1979இல் 'தி பிளாக் ஹோல்' என்னும் விண்வெளிப் படத்தை எடுத்து, தான் தயாரித்த படம் ஒன்றுக்கு முதன்முறையாகப் 'பி.ஜி.' தரம் பெற்றது. 1982இல் 'டிரான்' வந்தது. 1983இல் வந்த 'நெவர் கிரை வுல்ஃப்' படத்தில், வடபுலத்தில் ஓநாய்களை ஆராயச் சென்ற அறிஞர் ஒருவர் ஆடையின்றி மான்கூட்டத்தினிடையே ஓடும் காட்சிகூட இடம்பெற்றது. எனினும் பெயர் மாறாதவரை பார்ப்போர் மனம் மாறவில்லை. இளைஞர்கள் வரவில்லை, பழைய பெற்றோர்களும் ஐயுறத் தொடங்கினர்.

அப்போது நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் ரான் மில்லர். வால்ட் டிஸ்னியின் மூத்த மகளை மணந்தவர். இளமையில் அமெரிக்கக் காற்பந்து ஆடியவர். மாமனாரின் பெயரைத் தொட அஞ்சி, அதே வேளையில் மாமனாரின் நிறுவனம் நலிவதையும் காணச் சகியாது நின்ற அவர் கண்ட வழிதான் டச்ஸ்டோன். 1984 பிப்ரவரியில் அப்பெயர் நிறுவப்பட்டது. அடுத்த மாதமே வெளிவந்த 'ஸ்பிளாஷ்' அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 69 மில்லியன் வெள்ளி ஈட்டியது. 'ஸ்பிளாஷ்' பெற்ற தரமும் 'பி.ஜி.'தான், ஆயினும் காசு கொடுத்து வந்தவர்கள் வேறு வகையினர். அவ்வாண்டிலேயே வெளிவந்த 'கன்ட்ரி', கடனால் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்த அயோவா உழவர் குடும்பத்தின் துயரைச் சொன்னது. ஜெசிக்கா லேங்கின் நடிப்பு ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. தேவதைக் கதைகளின் மனையிலிருந்து அத்தகைய படம் வருமென்று எவர் எதிர்பார்த்திருப்பார்?

விதைத்தவர் அறுவடை காணவில்லை. அதே ஆண்டில் சால் ஸ்டைன்பெர்க் என்னும் செல்வர் டிஸ்னியின் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தையே கைப்பற்ற முனைந்தார். ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 325 மில்லியன் வெள்ளி கொடுத்து அவருடைய பங்குகளை நிறுவனமே வாங்கிக்கொண்டது. இதனால் எழுந்த கொந்தளிப்பில் செப்டம்பர் மாதம் மில்லர் பதவி விலக நேர்ந்தது. டச்ஸ்டோன் பிறந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. மில்லர் பின்னாளில் திராட்சைத் தோட்டத்தையும் மதுத் தயாரிப்பையும் கவனித்து வாழ்ந்து, 2019இல் மறைந்தார். டச்ஸ்டோனின் வரலாற்றை எழுதுவோர் பலர் அவரை இரண்டு வரிகளில் கடந்து செல்வது முறையன்று என்பது என் கருத்து.

அவருக்குப்பின் வந்தவர்கள் மைக்கேல் ஐஸ்னர், ஃபிராங்க் வெல்ஸ், ஜெஃப்ரி காட்சன்பெர்க் ஆகியோர். மில்லர் தயங்கித் திறந்த கதவை இவர்கள் அகலத் திறந்தனர். 1986 சனவரியில் வெளிவந்த 'டவுன் அண்ட் அவுட் இன் பெவர்லி ஹில்ஸ்', டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த முதல் 'ஆர்' தரப் படமாகும். வாழ்வு வெறுத்துச் செல்வர் ஒருவரின் நீச்சல் குளத்தில் விழுந்து மாள முயன்ற வீடற்ற மனிதன், அவ்வீட்டிலேயே விருந்தினனாகி வீட்டாரின் போலி வாழ்வைக் கலைக்கும் நகைச்சுவைக் கதை அது.

அவர்களது வணிகமுறை எளியது. சந்தை மதிப்புக் குறைந்திருந்த நடிகர்களையும் தொலைக்காட்சியில் புகழ் பெற்றவர்களையும் அளவான ஊதியத்துக்கு அமர்த்துவர். கதைக்கு முதலிடம் தருவர். 'சில்வர் ஸ்கிரீன் பார்ட்னர்ஸ்' என்னும் கூட்டு முதலீட்டின்வழி சிறு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டுவர். பெட் மிட்லர் என்னும் நடிகையின் வாழ்வு இவ்வாறே மறுமலர்ச்சி பெற்றது. 'தி கலர் ஆஃப் மனி' படம் பால் நியூமனுக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. 1987இன் இறுதியில் வந்த 'திரீ மென் அண்ட் எ பேபி', 167 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஈட்டி, அமெரிக்காவில் அவ்வாண்டுப் படங்கள் யாவற்றிலும் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு வசூலில் ஹாலிவுட் நிறுவனங்களுள் டிஸ்னியே முதலாவது. அந்த முதலிடத்தைப் பெரிதும் ஈட்டித் தந்தது டிஸ்னி என்று சொல்லிக்கொள்ளாத பெயரே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். டச்ஸ்டோன் என்பது 'ஆர்' தரப் படங்களுக்கான பெயர் என்று பலர் எண்ணுவர். அஃது அரைகுறை உண்மை. 1989இல் வெளிவந்த 'டெட் போயட்ஸ் சொசைட்டி'யை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் அவசியம் காண வேண்டிய படம் அது. 1959ஆம் ஆண்டில் கட்டுப்பாடு மிக்க உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு இலக்கிய ஆசிரியர் கீட்டிங் வருகிறார். பாடநூலின் முன்னுரையைக் கிழித்தெறியச் சொல்கிறார். மேசைமீது ஏறி நின்று உலகைப் பார்க்கச் சொல்கிறார். நடிப்பில் நாட்டம் கொண்ட மாணவன் ஒருவன், தந்தையின் பிடிவாதத்துக்கும் தன் ஆசைக்கும் இடையே நசுங்கித் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். பழி ஆசிரியர்மேல் விழுகிறது. சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதை டாம் ஷூல்மனுக்குத் தந்த அப்படத்தின் தரம் வெறும் 'பி.ஜி.'தான். சட்டப்படி சிறுவர்கள் காண்பதற்குத் தடை ஏதுமில்லை. எனினும், ஒரு மாணவனின் தற்கொலை டிஸ்னி என்னும் பெயரின்கீழ் நிகழ முடியாது. தரச்சான்றிதழின் எல்லை வேறு. பெயரின் எல்லை வேறு. டச்ஸ்டோன் காத்தது இரண்டாம் எல்லையை.

'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' வந்தபோது இந்த முரண் நகைப்புக்குரிய அளவுக்கு வளர்ந்தது. 1988ஆம் ஆண்டின் அப்படத்தில் மனிதரும் கார்ட்டூன் உருவங்களும் கலந்து நடித்தனர். கொலை, பொறாமை, மயக்கும் பாட்டுக்காரி எல்லாம் உண்டு. ஆகவே அது டச்ஸ்டோன் பெயரில் வந்தது. ஆனால் அப்படத்தில் மிக்கி எலியே வந்து போகிறது. வார்னர் நிறுவனத்தின் பக்ஸ் பன்னி முயலுடன் சேர்ந்து தோன்றுகிறது. தன் வீட்டுச் செல்லப்பிள்ளையை நடிக்க அனுப்பிவிட்டு, அந்தப் படம் எம் பெயரில் வரவில்லை என்று தந்தை கூறுவதை ஒத்தது இது.

1993இல் டிம் பர்ட்டன் தயாரிக்க ஹென்றி செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' பொம்மைகளால் ஆன படம். சிறுவருக்கு அச்சமூட்டும் எனக் கருதி அதனையும் டச்ஸ்டோனிடம் தள்ளினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்படத்தின் எலும்புக்கூட்டு நாயகன் மக்கள் மனத்தில் இடம்பிடித்தான். 2001 முதல் டிஸ்னிலாந்துப் பூங்காவின் பேய்மாளிகையே விழாக்காலத்தில் அவன் கோலம் பூண்டது. 2006இல் படம் முப்பரிமாண வடிவில் மறுபடி வெளிவந்தபோது முகப்பில் இருந்த பெயர் வால்ட் டிஸ்னி பிக்சர்ஸ்.

இவற்றையெல்லாம் போலித்தனம் என்று சிலர் ஏசுவர். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். பெயரை நம்பிப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு அந்த நம்பிக்கையின்படி நடந்துகொள்ளும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. பெரியவர்களுக்கான சரக்கை வேறு பெயரில் விற்பது நேர்மையான செயலே. என் மனம் ஒப்பாதது வேறொன்று. திண்ணையில் உட்கார வைத்த பிள்ளை பரிசு வாங்கி வந்தவுடன் கூடத்துக்கு அழைத்து மடியில் அமர்த்திக்கொள்வார்களானால், திண்ணையில் வைத்தது ஒழுக்கம் கருதியா, இழப்புக்கு அஞ்சியா?

வேறு பெயர் சூட்டினாலும் குலவழக்கம் மாறிவிடுவதில்லை என்பதற்கு 'பிரிட்டி வுமன்' சான்று. ஜே. எஃப். லாட்டன் எழுதிய மூலக்கதையின் தலைப்பு '3000'. செல்வர் ஒருவர் விலைமகளுக்கு அளிக்க ஒப்பும் தொகை அது. இறுதியில் அவளைத் தெருவில் தள்ளிவிட்டுச் சென்றுவிடுவார். கதை டிஸ்னியின் கைக்கு வந்தபின், கேரி மார்ஷல் இயக்கத்தில் அந்தச் செல்வர் மலர்க்கொத்துடன் ஏணிப்படி ஏறி வரும் இளவரசர் ஆனார். 1990இல் வெளிவந்த அந்த 'ஆர்' தரப் படம் உலகெங்கும் 460 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஈட்டியது. சிண்டரெல்லா கதையை 1950இல் ஓவியமாக எடுத்த அதே வீடு, நாற்பது ஆண்டுக்குப்பின் அதே கதையைப் பெரியவர்களுக்குச் சொன்னது. தொடக்கமே கடற்கன்னிதானே!

வேறொரு பெயர் எல்லாரிடமிருந்தும் காக்கவும் இல்லை. 1997 டிசம்பரில் மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய, தலாய் லாமாவின் இளமை வரலாறான 'குண்டூன்' டச்ஸ்டோன் பெயரில் வந்தது. சீன அரசு டச்ஸ்டோன் மீது சினங்கொள்ளவில்லை. நேரே டிஸ்னிமீதே சினந்தது. மறு ஆண்டு ஐஸ்னர் சீனப் பிரதமர் சூ ரோங்ஜியைக் கண்டு, அப்படத்தை எடுத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். அமெரிக்கத் தாய்மார்களுக்காக எழுப்பிய மதில் பெய்ஜிங்கிலிருந்து பார்த்தவர்கள் கண்ணுக்குப் படவேயில்லை.

பின்கதை விரைவில் சொல்லக்கூடியது. 1989இல் 'ஹாலிவுட் பிக்சர்ஸ்' என்னும் இன்னொரு பெயரும், 1993இல் விலைக்கு வாங்கிய 'மிராமாக்ஸ்' நிறுவனமும் சேர, டச்ஸ்டோனின் தனித்தன்மை மங்கியது. 'ஆர்மகெடான்', 'பேர்ல் ஹார்பர்' போன்ற பெருஞ்செலவுப் படங்கள் வந்தன. வெஸ் ஆண்டர்சனின் நுண்ணிய படங்களும் வந்தன. எது எதற்கு உரைகல் என்பது தெரியாமற் போயிற்று. 2003இல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தை, 13 வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் 'பி.ஜி.-13' தரத்துடன், வால்ட் டிஸ்னி பெயரிலேயே முதன்முறையாக வெளியிட்டனர். பெற்றோர் சினக்கவில்லை, கூட்டம் அலைமோதியது. காவல் காக்க வந்த பெயருக்கு அன்றே வேலை குறைந்தது. 2006இல் நிறுவனம் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து டிஸ்னி பெயருக்கே முதன்மை தந்தது. 2011 முதல் ஸ்பீல்பெர்க்கின் டிரீம்வொர்க்ஸ் படங்களை வெளியிடும் முத்திரையாக டச்ஸ்டோன் நிலைத்தது. 'லிங்கன்' அவ்வழி வந்ததே. 2016 செப்டம்பரில் வெளிவந்த 'தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்' அம்முத்திரை தாங்கிய இறுதிப் படமாயிற்று.

2019 நவம்பரில் 'டிஸ்னி பிளஸ்' என்னும் இணையத் திரைச்சேவை தொடங்கப்பெற்றது. பழைய படங்கள் பல, டச்ஸ்டோன் படங்கள் உட்பட, டிஸ்னி என்னும் பெயரின்கீழ் ஒரே கூடத்தில் வைக்கப்பட்டன. 2020 ஏப்ரலில் அங்கு 'ஸ்பிளாஷ்' படத்தைக் கண்ட சிலர் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். கடற்கன்னி ஆடையின்றிக் கடலை நோக்கி ஓடும் காட்சியில், 1984இல் திரையில் தெரிந்த அவளது பின்புறத்தை மறைக்குமாறு அவளுடைய கூந்தல் கணினியின் உதவியால் நீட்டப்பட்டிருந்தது.