காணியும் தேட்டமும்: வேலணையின் நிலவுடைமை வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

ஒரு கிராமத்தின் வரலாற்றை அதன் கோயில்கள், புலவர்கள், பெரியார்கள் ஆகியோரை முன்னிறுத்தி எழுதுவது எம்மிடையே நிலைபெற்ற மரபு. அம்மரபு தரும் செய்திகளை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆயின், அக்கிராமத்தின் காணி யாரிடம் இருந்தது, அதில் உழைத்தவர் யார், உழைப்பின் பயன் எவ்வழியாக யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை அம்மரபு எழுப்புவதில்லை. இவ்வினாக்களை யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த வேலணையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேலணையிற் காணி வாழ்வின் மூலாதாரமாக இருந்ததிலும் பார்க்க, வேறிடங்களில் தேடப்பட்ட தேட்டம் வந்து உறையும் இடமாகவே பெரிதும் இருந்தது என்பதும், அத்தேட்டத்தை உறவு வட்டத்துள் காத்த சட்டமே உழைத்தோரைக் காணிக்கு வெளியே நிறுத்தியது என்பதும் எமது முடிபு.

முதலிற் பொருளியல் அடிப்படையை நோக்குவோம். ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, சரவணை, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களோடு ஒரே தீவில் அமைந்தது வேலணை. ஆறோ பெருங்குளமோ இங்கில்லை. சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய மண். அதன் கீழ் உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீர்ப் படை. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் உவராகிவிடும். மாரி மழையை நம்பிய நெல், கிணற்று நீரை நம்பிய புகையிலையும் மரக்கறியும், எங்கும் நின்ற பனை, சூழவிருந்த கடல் ஆகியனவே இவ்வூர்ப் பொருளாதாரத்தின் எல்லைகள். இத்தகைய சூழலில் நிலத்தின் பெறுமதி அதன் பரப்பில் இல்லை. கிணற்றுப் பங்கில் இருந்தது. காணி உறுதிகளில் நான்கெல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் தவறாது எழுதப்படுவது இதனாலேயே.

இவ்வுடைமையை நெறிப்படுத்தியது தேசவழமை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இவ்வழமைகளைத் தொகுத்தார். தமிழ் முதலியார்கள் பன்னிருவர் அத்தொகுப்பைப் பரிசீலித்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை மூவகைப்படுத்துகிறது. காணியை விற்க விரும்புபவர் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஒற்றியாகக் கொண்ட அயலவருக்கும் அறிவிக்க வேண்டும் என்னும் முற்கொள்வனவு உரிமையும் அதிலுண்டு. ஒற்றி என்பது வட்டிக்குப் பதிலாக விளைவையே கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் முறை. இவையனைத்தும் சேர்ந்து காணியைச் சந்தைப் பண்டமாகாது தடுத்தன. உறவின் பிணையமாக வைத்திருந்தன. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முற்கொள்வனவு உரிமையைச் சுருக்கியதேயன்றி அழிக்கவில்லை.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன்தரும். ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தமது பல்கலைக்கழக நகரான லெய்டனின் பெயரை இட்டனர். அந்த லெய்டன் பல்கலைக்கழகத்திலேயே பிற்காலத்தில் வான் வொலன்ஹோவன், ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவின் வழமைச் சட்டத்தை ஆராய்ந்து, நிலத்தின் மீது கிராம சமூகத்துக்கு உள்ள கூட்டுரிமையை வலியுறுத்தினார். யாவாக் கிராமங்களிற் பொதுநிலமும், கிராமத் தலைவரின் பதவிக்குரிய நிலமும் இருந்தன. வேலணையிலோ நிலம் பரப்புக் கணக்கிற் குடும்பங்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தது. பெருகும் மக்களை யாவாவின் நீர்வயல்கள் மேன்மேலும் உள்வாங்கி வறுமையைப் பகிர்ந்தளித்தன என 1963இல் கிளிபர்ட் கியேட்ஸ் எழுதினார். அவ்வறுமை சமமாகப் பகிரப்படவில்லை, காணியுள்ளோர்க்கும் அற்றோர்க்குமிடையே வர்க்க வேறுபாடு இருந்தது எனப் பின்வந்தோர் அவரை மறுத்தனர். வேலணையின் வறண்ட நிலமோ பெருகும் மக்களை உள்வாங்க இயலாதது. எனவே அது தன் மக்களை வெளியே அனுப்பியது. ஆயின் கியேட்ஸுக்கு எழுந்த மறுப்பு வேலணைக்கும் பொருந்தும்.

தேசவழமையின் ஓர் ஏற்பாடு இதனைத் தெளிவாக்கும். ஒருவர் பாடுபட்டு நட்டு வளர்த்த மரத்தின் கிளை அயற்காணிக்குள் நீண்டாலும் கனி நட்டவருக்கே உரியது. தானாக முளைத்த புளி, இலுப்பை, வேம்பு ஆகியவற்றின் கனியோ, கிளை எவர் காணிமேல் நீண்டதோ அவருக்கு உரியது. உழைப்பே உடைமையின் ஊற்று என்னும் உயரிய கருத்து இதில் தொனிப்பதாகத் தோன்றும். ஆனால் அதே தொகுப்பு கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகளாகக் குறிப்பிடுகிறது. மரத்தை நட்ட கை அடிமையின் கையாயின், சட்டத்தின் கண்ணில் நட்டவர் எசமானரே. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுவிக்கப்பட்டோருக்குக் காணி வழங்கப்படவில்லை. எனவே சட்டத்தில் விடுதலை பெற்றோர் பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் கிணற்றில் தண்ணீர் வார்க்கக் காத்துநின்று, குடிமைத் தொழிலால் வாடகை செலுத்தும் நிலை நீடித்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1966இலிருந்து யாழ்ப்பாணத்தில் எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறந்தன. காணி உறவை அவை போதியளவு அசைக்கவில்லை.

காணியுடையோருக்கும் காணி மட்டும் சோறு போடவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்தது. அச்சந்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நலிந்தபோது தீவக மக்கள் தென்னிலங்கை நகரங்களிற் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை ஆகியவற்றை நாடினர். கற்றோர் மலாயாவிலும் கொழும்பிலும் எழுதுவினைஞராயினர். கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தத்தின் வழிவந்த மத்திய கல்லூரி வேலணைச் சிறுவருக்கும் அவ்வழியை அகலத் திறந்தது. வெளியூர்க் கல்லாப்பெட்டியும் மாதச் சம்பளமும் ஊரிற் கல்வீடாகவும் சீதனக் காணியாகவும் உருமாறின. விளைவைக் கொண்டு காணியின் விலை கணிக்கப்படவில்லை. மாப்பிள்ளையின் உத்தியோகத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. சீதனம் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டமை உண்மை. ஆயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். உடைமை அவளது பெயரில்; ஆட்சி அவளது கையிலில்லை.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய மேட்டுநிலத்தை 50 ஏக்கராக வரையறுத்தது. ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஐம்பது ஏக்கர் எண்ணூறு பரப்பு. தலைமுறை தோறும் பங்குபட்டு, பிரிபடாத பங்குகளாகச் சிதறிய தீவகக் காணிகளை இவ்வுச்சவரம்பு தீண்டவேயில்லை. பெருந்தோட்டத்தை மனத்திற்கொண்ட சீர்திருத்தம், சிறுகாணிச் சமூகத்தினுள் நிலவிய சாதிவழிப்பட்ட நிலமின்மையைக் காணவில்லை. 1970-77 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை தந்து கமத்துக்குச் சிறிது காலம் உயிரூட்டியது. 1977இன் திறந்த பொருளாதாரம் அதனையும் பறித்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் தென்னிலங்கைக் கடைகளை எரித்தபோது, தேட்டத்தின் ஊற்றே அடைபட்டது.

1990இலும் 1991இலும் தீவகத்தில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகளால் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். வசதி படைத்தோர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். வசதியற்றோர் குடாநாட்டிலும் வன்னியிலும் அலைந்து பின்னர் திரும்பினர். இன்று வேலணையிற் கூரையிழந்த கல்வீடுகளும் தூர்ந்த கிணறுகளும் அற்றோணித் தத்துவத்தின் வழி தொலைவிலிருந்து ஆளப்படும் வளவுகளும் உள்ளன. அருகே, தம்முடையதல்லாத நிலத்திற் குடியிருப்போரும் உளர். பத்தாண்டு எதிராட்சியால் உரிமை தேட இடமளிக்கும் 1871ஆம் ஆண்டின் சட்டம், போரினால் வெளியேறியோரின் காணிகளைப் பறித்துவிடலாம் என்னும் அச்சம் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை, இடம்பெயர்ந்தோருக்கு எதிரான அக்கணக்கிலிருந்து விலக்கிப் பாதுகாப்பளித்தது. இது நியாயமானதே; போர் பறித்ததைச் சட்டமும் பறித்தல் தகாது. ஆயின் இச்சட்டம் காப்பது உறுதியுள்ளவரை. இழப்பதற்கு உறுதியே இல்லாதிருந்தவரின் இடப்பெயர்வை எந்தச் சட்டமும் கணக்கிலெடுக்கவில்லை.

உறுதியுள்ளவர் ஊரிலில்லை, ஊரிலுள்ளவர் பலரிடம் உறுதியில்லை. இதுவே முந்நூறாண்டு உடைமை வரலாறு இன்று வந்தடைந்திருக்கும் முரண்பாடு. கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வருகிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பூட்டிய வளவொன்றின் இரண்டு பரப்பு, அங்கே இரு தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்தின் பெயருக்கு எழுதப்படுவது அதனினும் பெரிய திருப்பணியாகும். தனிமனிதரின் ஈகையில் மட்டும் இதனை விட்டுவிடவும் முடியாது. நிலமற்றோரின் கணக்கெடுப்பு, குடியிருப்புக்கும் கிணற்று நீருக்கும் சட்டவழி உத்தரவாதம், பெண் தன் காணியைத் தானே ஆளும் உரிமை ஆகியன பொதுக் கோரிக்கைகளாக முன்வைக்கப்படல் வேண்டும். தேசவழமையைப் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுவோர், பாடுபட்டு நட்டவருக்கே கனி என்னும் அதன் விதியை, நட்ட கைகள் அனைத்துக்கும் உரியதாக்க முன்வருவாராயின் அவ்வழமை புதிய வாழ்வு பெறும்.