தாய் வாங்கிக்கொண்ட சினை

எங்கள் இடைசெவல் கரிசல் காட்டு ஊர். ஆற்றுப் பாசனம் என்பது எங்களுக்குக் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் வானம் கொடுப்பதைக் கண்மாயில் தேக்கி வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்ட வேண்டும். மழை தவறினால் மனிதனுக்கும் பஞ்சம், மீனுக்கும் பஞ்சம்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருஷம் அப்படித் தவறியது. முந்தின வருஷத்துத் தண்ணீர் கண்மாயின் ஒரு மூலையில் குட்டையாகக் கிடந்தது. புரட்டாசியில் அங்கே பிடித்த கெண்டைக்கு வயிறு நிறையச் சினை. தை மாதம் அதே குட்டையில் பிடித்த கெண்டைகளை அறுத்தால் சினையைக் காணோம். வெறும் சவ்வுதான் இருந்தது.

"சினை எங்கே போச்சு, பாட்டி? முட்டை போட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"புதுத்தண்ணி வராம எங்கேய்யா போடும்? தாயே திரும்ப வாங்கிக்கிட்டா" என்றாள் பாட்டி. தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அதை ஒரு கதை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். விஞ்ஞானிகளும் அதையேதான் சொல்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1885-ஆம் வருஷம் வால்தர் பிளெமிங் என்ற ஜெர்மானியர், பாலூட்டிகளின் சூலகத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். முதிராமலே அழிகிற முட்டைப் பைகளில் செல்கள் சிதைவதைக் கண்டு எழுதி வைத்தார். 1963-இல் பெல்ஜியத்துக் கிறிஸ்டியன் டி டூவ், செல் தன் பாகங்களையே செரித்துக்கொள்ளும் வேலைக்கு 'ஆட்டோபாஜி' என்று பெயரிட்டார். தன்னைத் தானே தின்பது என்று அர்த்தம். செல் ஒழுங்காகச் சுருங்கி, துண்டு துண்டாகி மடிவதற்கு 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூவர் 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல் தன்னைத் தின்னும் விதத்தை ஈஸ்டில் கண்டு விளக்கிய ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு வேலையும் மீனின் சூலகத்தில் நடக்கின்றன. தாய்மீனின் ஈரலில் உண்டாகும் சத்து, ரத்தத்தின் வழியாக வந்து முட்டையில் மஞ்சள் கருவாகச் சேருகிறது. முட்டையைச் சுற்றிச் சின்னச் செல்கள் காவல் நிற்கின்றன. முட்டை இடுவதற்குக் காலம் வாய்க்காவிட்டால் முட்டையின் ஓடு உடைகிறது. மஞ்சள் கரு இளகுகிறது. காவல் நின்ற செல்களே பருத்து அதை விழுங்கிச் செரிக்கின்றன. சத்து தாயின் உடம்புக்கே திரும்புகிறது. வேலை முடிந்ததும் அந்தச் செல்களும் இலை உதிர்வதுபோல் மடிந்துவிடுகின்றன. அந்த இடத்தில் அடுத்த பருவத்துக்கான முட்டைகள் வளரும்.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் ஆற்றில் வெள்ளம் புரளும்போதுதான் முட்டையிடும். குளத்தில் விட்டால் சினை பிடிக்கும். ஆனால் முட்டை வெளியே வராது, உள்ளேயே கரைந்துபோகும். ஆகவே மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்பியிருந்தார்கள். ஹீராலால் சௌத்ரி என்ற ஆராய்ச்சியாளர், கே.எச். அலிக்குஞ்ஞியுடன் சேர்ந்து இதற்கு வழி தேடினார். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, சாறாக்கி, சினைமீனுக்கு ஊசி போட்டார். 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸாவில் அங்குல் என்ற ஊரில், பெருங்கெண்டை குளத்துத் தண்ணீரிலேயே முட்டையிட்டது. வராத வெள்ளத்தை வந்ததாகச் சொல்லி அந்த ஊசி மீனை நம்பவைத்துவிட்டது! அந்தத் தேதிதான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

எங்கள் குட்டைக் கெண்டைக்கு ஊசி போட யாரும் வரவில்லை. போட்டிருந்தாலும், காயப்போகிற குட்டையில் குஞ்சுகள் எப்படிப் பிழைத்திருக்கும்? சினையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தான் உயிர் தரித்திருக்கப் பார்ப்பதுதான் அதற்கு இருந்த ஒரே வழி.

அதே தை மாதத்தில்தான் எங்கள் வீட்டுக் குலுக்கையிலிருந்து விதைக்கம்பு இறங்கியது. உரலை வீட்டுக்குள் உருட்டி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இடித்தார்கள். விதையைத் தின்றவன் என்ற பேச்சைவிடப் பெரிய அவமானம் சம்சாரிக்கு இல்லை. மறுவருஷம் தாத்தா கடன் வாங்கி விதைத்தார், வெள்ளாமையும் வந்தது. ஆனாலும் அந்தக் கம்பங்கஞ்சியைப் பற்றி அவர் சாகும்வரை பேசியதே இல்லை.

பாட்டி அன்று எனக்கு மட்டுமா பதில் சொன்னாள் என்று இப்போது யோசிக்கிறேன்.