நட்சத்திரக் குறியிட்ட அடிமை

சொற்பிறப்பியல் என்றாலே பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நம் நண்பர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரேயொரு சொல்லைக் கிளறிப் பார்ப்போம். *ஒர்பு. பொருள்: அடிமை. இதை எழுதிவைத்தவர் யாருமில்லை. ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வந்ததே 9ஆம் நூற்றாண்டில், சிரில், மெதோடியஸ் சகோதரர்கள் விவிலியத்தைப் பெயர்த்தபோதுதான். அதற்கு முந்தைய தொல்ஸ்லாவியம் மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியது. எழுத்துச் சான்று கிடையாது என்பதற்குத்தான் அந்த நட்சத்திரக் குறி.

இலக்கணப்படி சாதாரண ஆண்பால் பெயர். ஈற்று உகரம் நம் குற்றியலுகரம்போலக் குறுகி, பின்பு மறைந்தே போனது. ஆறாம் வேற்றுமையில் *ஒர்பா, விளியில் *ஒர்பெ. விவிலிய உவமையில் எஜமானன் ஊழியக்காரனை இந்த விளியில்தான், 'ரபெ' என்று, கூப்பிடுகிறான்.

இதன் உறவுச்சொற்களைப் பாருங்கள். கிரேக்கத்தில் 'ஓர்ஃபனோஸ்', அநாதை. ஆர்மீனியத்தில் 'ஓர்ப்', அதுவும் அநாதை. ஜெர்மனில் 'எர்பெ', வாரிசு! தகப்பன் செத்தால் வாரிசும் அநாதையும் ஒரே பிள்ளைதானே. சொத்திருந்தால் வாரிசு, இல்லாவிட்டால் ஊரான் வீட்டு எடுபிடி, அப்புறம் அடிமை. ஸ்லாவியச் சொல் போனது இந்த இரண்டாவது வழியில். குழந்தைக்கான சொல்லும் இதே வேரில் பிறந்து, கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டிப் பெயர்களோடு சேர்ந்து அஃறிணைபோல வேற்றுமை ஏற்றது. ருஷ்யனில் பிள்ளைகளைக் குறிக்கும் 'ரெபியாதா' அதன் வாரிசு.

கிழக்கிலும் மேற்கிலும் இச்சொல் 'ரொப்' ஆயிற்று, தெற்கே 'ரப்'. ருஷ்யனின் சொந்த வடிவம் 'ரொப்'தான். ஆனால் தெற்கிலிருந்து வந்த தேவாலய மொழியின் 'ரப்' அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது, 'ஆண்டவனின் அடிமை' என்ற பிரயோகத்தையும் கூட்டிக்கொண்டு. அடிமைக்குப் பெயர் வைப்பதிலும் அதிகாரத்தின் மொழிதான் ஜெயிக்கிறது.

இதிலிருந்து கிளைத்த பெண்பால் பெயர் 'ரபோதா'. தேவாலய மொழியில் அடிமைத்தனம்; இன்றைய ருஷ்யனில் வெறுமனே 'வேலை'. செக் மொழியின் 'ரொபோதா' பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்த கட்டாய உழைப்பு. பொஹீமியக் குடியானவர்கள் 1775இல் கலகம் செய்தார்கள். அவ்வாண்டே மரியா தெரேசா அந்த உழைப்புக்கு வரம்பு கட்டி ஆணையிட்டாள். முற்றாக ஒழிந்தது 1848இல்.

1920இல் காரெல் சாபெக் தன் நாடகத்தின் செயற்கைத் தொழிலாளிகளுக்குப் பெயர் தேடியபோது அண்ணன் யோசெஃப் எடுத்துக் கொடுத்தது இந்தச் சொல்லைத்தான். நாம் சொல்லும் 'ரோபோ' அதுவே. நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களைத் தீர்த்துக்கட்டுகின்றன. ஒருவனை மட்டும் விட்டுவைக்கின்றன: அவனும் தங்களைப்போலக் கையால் வேலை செய்கிறவன் என்பதால்.