அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்க நில மீட்பு

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்க நில மீட்பு என்பது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்ட நிலங்களில் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தி, அங்கு தாவரங்களும் விலங்குகளும் மீண்டும் வாழ வழிசெய்யும் பணிகளைக் குறிக்கும்.

நிலவியல் பின்னணி

பெரம்பலூருக்கு மேற்கே, குரும்பலூர், பச்சைமலை அடிவாரம் ஆகிய பகுதிகளில் மிகப் பழமையான கடினப் பாறைகள் உள்ளன. கிழக்கே அரியலூர் நோக்கிச் செல்லச் செல்ல, கிரீத்தேசியக் காலத்துக் கடற்படிவுகள் தொடங்குகின்றன. இப்படிவுகளில் உள்ள சுண்ணாம்புக்கல்லே இங்குள்ள சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள் ஆகும். தமிழ்நாடு அரசின் அரியலூர் சிமெண்ட் ஆலை 1979 இல் தொடங்கப்பட்டது. ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், தளவாய் முதலிய இடங்களில் தனியார் ஆலைகள் உள்ளன.

மீட்பு முறை

இங்குள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். முதலில் மேல்மண் அகற்றப்பட்டுத் தனியே சேமிக்கப்படுகிறது. விதைகளும் நுண்ணுயிர்களும் இம்மண்ணிலேயே உள்ளதால், நெடுங்காலம் குவித்து வைத்தால் அதன் வளம் குன்றும். அடுத்து வரும் கழிவு மண் மேடாகக் கொட்டப்படுகிறது. மழையில் எளிதில் கரைவது இந்த மேடே. ஆகவே அதன் சரிவு படிகளாக வெட்டப்பட்டு, அடியில் தடுப்புச் சுவரும் சுற்றிலும் வடிகாலும் அமைக்கப்படுகின்றன. வடிகால் நீர் வண்டல் படியும் குட்டையைக் கடந்த பின்னரே வெளியே விடப்படும். சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வெட்டிவேர் ஏற்றது.

வெட்டிய குழி முழுவதையும் மீண்டும் நிரப்ப இயலாது. எடுக்கப்பட்ட கல் சிமெண்டாக வெளியேறிவிடுவதால், எஞ்சும் மண் போதாது. எனவே பல குழிகள் மழைநீர் தேங்கும் நீர்நிலைகளாகின்றன. கரை செங்குத்தாக இருந்தால் கால்நடைகளுக்கும் மனிதருக்கும் ஆபத்து, வேலி அவசியம்.

எதை நடுவது என்பதில் கவனம் தேவை. இப்பகுதியின் இயல்பான தாவரங்கள் வேம்பு, வெள்வேல், ஆவாரை, விராலி போன்றவை. கைவிடப்பட்ட நிலத்தைச் சீமைக் கருவேலம் விரைவில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பசுமையை மீட்பு என்று கொள்வது பொருந்தாது. 1968 இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில், அரிக்கப்பட்ட செம்மண் மேட்டில் முதலில் வரப்புகளால் மழைநீர் தடுக்கப்பட்டு, பின்னர் காடு வளர்க்கப்பட்டது.

சட்டம்

கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், 1988 மேல்மண்ணைச் சேமித்துப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கின. 2003 முதல் சுரங்க மூடல் திட்டமும் தேவைப்பட்டது. இவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2017 இல் வந்தன. சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு உச்ச நீதிமன்றம் சனவரி 2020 இல் நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

தொல்லுயிர் எச்சங்கள்

இவ்வட்டாரத்தில் எல்லா மண்ணரிப்பும் தீங்கானதன்று. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்னும் ஊரருகே களிமண் மேடுகள் மழையால் இயற்கையாகவே ஆழமாக அரிக்கப்பட்டுள்ளன. பெலம்னைட்டு போன்ற கடலுயிர் எச்சங்களை வெளிக்கொணர்வது இவ்வரிப்பே. அருகிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. காரைச் சரிவுகளில் மரம் நட்டால் பாறை அடுக்குகள் மறைந்துவிடும். எனவே அங்கு பாதுகாப்பு என்பது மண் அள்ளுதலையும் எச்சங்களை அள்ளிச் செல்வதையும் தடுப்பதையே குறிக்கும்.